உங்கள் கணினி ராத்திரியில் யாருக்குக் கடிதம் போடுகிறது?

"உங்க மெயில்லேர்ந்து ஏதோ மாத்திரை விளம்பரம் வந்துச்சே?" என்று நண்பர் போனில் கேட்கிறார். நீங்கள் எதையும் அனுப்பவில்லை. உடனே கணினியைச் சந்தேகப்பட வேண்டாம். தபால் உறையின் மேல் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதிவிடலாம். மின்னஞ்சலிலும் அப்படித்தான். ஆனால் 'அனுப்பியவை' பகுதியில் நீங்கள் எழுதாத கடிதங்கள் கிடந்தால், உங்கள் கணக்கின் கடவுச்சொல் திருடு போயிருக்கலாம்.

வீட்டுக் கணினியே ஸ்பேம் (கேட்காமல் கூட்டமாக வரும் விளம்பர, மோசடிக் கடிதம்) அனுப்பும்போது நண்பர்கள் யாரும் போன் செய்ய மாட்டார்கள். அவை பெரும்பாலும் வேறு பெயரில், முகம் தெரியாதவர்களுக்குப் போகும். மாதக்கணக்கில் உங்களுக்கே தெரியாது.

என் கணினி எதற்கு அவர்களுக்கு? ஒரே இடத்திலிருந்து லட்சம் கடிதம் போனால் சீக்கிரம் தடுத்துவிடுவார்கள். லட்சம் வீடுகளிலிருந்து போனால் தடுப்பது கடினம். அப்படிக் களவாகப் பிடித்த கணினிகளின் கூட்டத்துக்கு பாட்நெட் என்று பெயர். 2011 மார்ச்சில் முடக்கப்பட்ட 'ரஸ்டாக்' பாட்நெட்டில் சுமார் 10 லட்சம் கணினிகள் சிக்கியிருந்ததாக மதிப்பிட்டார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? எல்லாவற்றையும் மூடிவிட்டு, விண்டோஸ் தேடல் பெட்டியில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' என்று ஆங்கிலத்தில் தட்டித் திறவுங்கள். 'நெட்வொர்க்' பகுதியில் 'டிசிபி கனெக்‌ஷன்ஸ்' என்ற பட்டியல் இருக்கும். அதில் 'ரிமோட் போர்ட்' என்ற பத்தியைப் பாருங்கள். போர்ட் என்பது தகவல் போய்வரும் வாசல் எண். அஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் கடிதம் மாற்றிக்கொள்வது 25-ஆம் எண் வாசலில். நீங்கள் அவுட்லுக் போன்ற செயலியில் அனுப்பும் கடிதம் பொதுவாக 587 அல்லது 465 வழியே போகும். ஆகவே வீட்டுக் கணினியில் 25 என்ற எண் வரிசையாக, வேறு வேறு முகவரிகளோடு, வந்து மறைந்துகொண்டே இருந்தால் சந்தேகம் உறுதி. பக்கத்திலேயே எந்த நிரல் அதைச் செய்கிறது என்ற பெயரும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள்.

எதுவும் தெரியாவிட்டால் நிம்மதியா? முழுக்க இல்லை. சில நிரல்கள் இந்தப் பட்டியலிலிருந்தே தங்களை மறைத்துக்கொள்ளும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து, உங்கள் வீட்டிலிருந்து ஸ்பேம் போகிறது என்று எச்சரிக்கை வந்திருந்தால் அதை நம்பி மேலே போங்கள்.

இப்போது என்ன செய்ய வேண்டும்? முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். படங்கள், ஆவணங்களை மட்டும் வெளி டிரைவில் எடுத்துவையுங்கள், நிரல்களை எடுக்காதீர்கள். பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போய் 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கணினி அணைந்து மறுபடி எழும். விண்டோஸ் முழுதாக விழிக்கும் முன்பே சோதனை நடப்பதால் வைரஸ் ஒளிவது கடினம். சுமார் 15 நிமிடம் ஆகும். இந்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா'வும் இலவசத் துப்புரவுக் கருவிகள் தருகிறது. இரண்டுக்கும் மசியவில்லை என்றால் விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிடுவதுதான் என் ஆலோசனை. அரைநாள் வேலை, ஆனால் சந்தேகம் மிச்சமிருக்காது.

கடவுச்சொல்லை எப்போது மாற்றுவது? இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். நோயுள்ள கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் திருடன் கைக்கே போகலாம். சுத்தமான ஒரு போனில் மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி. மின்னஞ்சல் திருடன் கையில் இருந்தால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் அவனால் மாற்றிவிட முடியும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண்ணும் கேட்பது) இயக்கிவிடுங்கள்.

இந்த வைரஸ் எப்படி உள்ளே வந்தது? இன்வாய்ஸ் என்ற பெயரில் வந்த இணைப்பைத் திறந்திருக்கலாம். காசு கொடுக்காமல் ஒரு மென்பொருளை ஓட்ட 'கிராக்' போட்டிருக்கலாம். "ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுப் போடுங்கள்" என்று அது கேட்டிருந்தால், கதவைத் திறந்து கொடுத்தது அந்த நிமிடம்தான். மறுபடி விண்டோஸ் ஏற்றும்போது பழைய பென்டிரைவிலிருந்து அதே கிராக்கைப் போட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்து இரண்டு மூன்று நாள் கழித்து ரிசோர்ஸ் மானிட்டரை இன்னொரு முறை திறந்து 25-ஐத் தேடுங்கள். கணினியில் இல்லை, எச்சரிக்கை மட்டும் தொடர்ந்து வருகிறது என்றால், அதே வைஃபையில் இருக்கும் பழைய டிவி பெட்டியையும் பிள்ளைகளின் லேப்டாப்பையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பாருங்கள்.