தேயிலை மலையில் கீரைப் பாத்தி: சோறு குறைந்தால் இனிப்பு நீர் குறையுமா?

கேமரன் மலையிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் லாரி லாரியாகக் கீழே இறங்குகின்றன. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் அவற்றை வாங்கிச் சமைக்கின்றன. அதே மலையில் வாழும் பல தோட்டக் குடும்பங்களின் தட்டிலோ, நிறைய சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி காய்கறியும்தான் இருக்கின்றன.

இதற்குக் காரணம் உண்டு. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைக்கு வந்தார். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் காட்டை அழித்துச் செடி நட்டு, கூடை சுமந்து கொழுந்து கிள்ளினார்கள். நாள் முழுவதும் மேடு ஏறி இறங்கிய உடலுக்குச் சோறு எரிபொருளாக இருந்தது. இன்று தோட்டங்களில் இயந்திரங்கள் வந்துவிட்டன. வெளிநாட்டுத் தொழிலாளர்களும் கொழுந்து எடுக்கிறார்கள். அந்தத் தமிழர்களின் பிள்ளைகள் பலர் கடையிலும் அலுவலகத்திலும் வண்டியிலும் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். வேலை மாறியது, தட்டு மாறவில்லை.

மூவரில் ஒருவர்

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் நோய் இருந்தது. இந்தியர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இருந்தது. பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் போதுமான காய்கறி, பழம் உண்பதில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது.

இந்தச் சூழ்நிலையில்தான் 'பேலியோ' உணவுமுறை தமிழர்களிடையே பேசப்படுகிறது. அரிசி, கோதுமை, பருப்பு, சர்க்கரை ஆகியவற்றை விட்டுவிட்டு இறைச்சி, மீன், முட்டை, காய்கறி, கொட்டை வகைகளை உண்பதே இதன் அடிப்படை. தமிழர்கள் பின்பற்றும் முறையில் நெய்யும் பன்னீரும் உண்டு. ஆதி மனிதன் உண்டதை உண்ண வேண்டும் என்பது இதன் வாதம். ஆனால் முட்டைக்கோசு, காலிஃபிளவர், புரோக்கோலி மூன்றும் ஒரே காட்டுச் செடியிலிருந்து உழவர்கள் பல நூற்றாண்டுகளில் உருவாக்கியவை. கற்காலத்தில் அவை இல்லை. எனவே, பெயரைவிடப் பயனைப் பார்ப்பதே நல்லது. மாவுச்சத்து குறைகிறது, கீரையும் காயும் கூடுகின்றன என்பதே அந்தப் பயன்.

தேயிலை மண்ணில் கீரை வருமா?

வரும். ஆனால் அப்படியே விதைத்தால் வராது. தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும். காய்கறிக்கு அவ்வளவு புளிப்பு ஆகாது. புளிப்பு மண்ணில் முட்டைக்கோசின் வேர் முண்டு முண்டாக வீங்கி, செடி வாடிவிடும். அதனால் நடுவதற்கு இரண்டு மூன்று வாரத்திற்கு முன்பே வேளாண் சுண்ணாம்பைக் கலந்துவிட வேண்டும். எவ்வளவு போடுவது என்பதை மண்ணைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வேளாண்மைத் துறை அலுவலகத்தில் கேட்கலாம்.

கோழி எருவைப் பச்சையாகப் போட்டால் ஈ மொய்க்கும், வேரும் கருகும். மக்கிய பிறகே போட வேண்டும். மலைமழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய்விடும். சரிவுக்குக் குறுக்கே பாத்தி கட்டி, மேலே பிளாஸ்டிக் கூரை போட்டால் மண்ணும் தங்கும், இலையும் அழுகாது. மருந்து தெளிக்கும் தேயிலை வரிசைக்குப் பக்கத்தில் கீரைப் பாத்தி வேண்டாம். காற்றில் மருந்து வந்து படியும்.

முட்டைக்கோசு, சாவி, சாலட் இலை, வெங்காயத்தாள், செலரி, கொத்தமல்லி, புதினா எல்லாம் இந்தக் குளிரில் செழிக்கும். ஈரமான மூலையில் வல்லாரை தானே படரும். முருங்கை சமவெளி மரம். இங்கே அதை நம்ப வேண்டாம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, வெயில் படும் சுவரோரம் நிறுத்தலாம். இடமில்லாத லயத்து வீட்டிலும் நான்கு பழைய பெட்டிகளில் புதினாவும் கொத்தமல்லியும் வளரும்.

சோறு இல்லாத தட்டு

100 கிராம் சோற்றில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. அதே அளவு காலிஃபிளவரில் சுமார் 5 கிராம்தான். காலிஃபிளவரைத் துருவி, ஈரத்தைப் பிழிந்துவிட்டு, கடுகு, கறிவேப்பிலை தாளித்த எண்ணெயில் ஐந்து நிமிடம் கிளறினால் போதும். தண்ணீர் ஊற்றினால் குழைந்துவிடும். கோழிக் கறியோ மீன் குழம்போ அதன்மேல் நன்றாகச் சேரும்.

கீரை மசியலில் பருப்புக்குப் பதில் தேங்காய்ப் பால் விடலாம். புதினா, கொத்தமல்லித் துவையலில் உளுந்துக்குப் பதில் தேங்காய் அரைக்கலாம். முட்டைக்கோசு பொரியலில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால், அதுவே ஒரு வேளை உணவு. காலையில் பாதாம் வாங்கிக் கட்டுப்படியாகாத குடும்பத்துக்கு முட்டை போதும். ஓடைத் தண்ணீரில் வளரும் கீரையைப் பச்சையாக உண்ணக்கூடாது. ஒட்டுண்ணிப் புழுக்கள் ஒட்டியிருக்கலாம். கடைக் காயின் வெளி இலைகளைக் களைந்து, ஓடும் நீரில் கழுவ வேண்டும்.

தேநீரையும் மறக்கக்கூடாது. சோற்றை விட்டுவிட்டு, கெட்டிப்பால் தேநீர் நான்கு குவளை குடித்தால் பலனில்லை. மலையில் விளைந்த தேயிலைக்கு 'தே ஓ கோசோங்' போதும்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இனிப்பு நீருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றை நிறுத்தினால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கி மயக்கம் வரலாம். சிலவகை மாத்திரைகளோடு மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால் இரத்தத்தில் அமிலம் கூடிவிடும். சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையும் இறைச்சியும் அளவு மீறக்கூடாது. இரத்தம் உறையாமலிருக்க 'வார்ஃபரின்' எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டினால் மருந்தின் வேலை குறையும். இவர்கள் எல்லாரும் முதலில் மருத்துவரைப் பார்த்து, மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டே தட்டை மாற்ற வேண்டும்.

மற்றவர்களும் ஒரே நாளில் ஆதி மனிதனாக மாற வேண்டியதில்லை. இரவுச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பாத்தியில் பறித்த கீரையை வைத்துத் தொடங்கலாம்.