முகத்தில் பரு: குற்றவாளி யார்?

மாணவர்களே, கோலா சாவாவில் காலையில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கிறீர்கள். நேற்று இல்லாத பரு இன்று மூக்கின்மேல் சிவந்து நிற்கிறது. "எண்ணெய்ப் பலகாரம் தின்றால் இப்படித்தான்" என்கிறார் பாட்டி. "முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லை" என்கிறார் அம்மா. உண்மையான காரணம் என்ன?

பருவ வயதில் ஆண், பெண் இருபாலர் உடலிலும் ஆண்ட்ரோஜன் எனும் ஹார்மோன்கள் கூடுகின்றன. இவை தோலிலுள்ள எண்ணெய்ச் சுரப்பிகளைப் பெரிதாக்குகின்றன. அவற்றில் சுரக்கும் 'சீபம்' என்ற எண்ணெய்ப்பசை, மயிர்க்கால் துளை வழியே வெளியேற வேண்டும். ஆனால் துளையின் உட்சுவரில் உதிரும் உயிரணுக்கள் அதனுடன் ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுகின்றன.

அடைப்பின் வாய் மூடியிருந்தால் வெண்புள்ளி, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருமை அழுக்கு அன்று. மெலனின் நிறமியும் காற்றுப் பட்டு மாறிய எண்ணெயுமே. எனவே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் போகாது.

எல்லார் தோலிலும் வாழும் 'கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ்' என்ற பாக்டீரியா, அடைபட்ட துளைக்குள் பெருகுகிறது. உடலின் நோய் எதிர்ப்பாற்றல் அதை எதிர்க்கும்போது வீக்கம், சிவப்பு, சீழ் உண்டாகின்றன. அதுவே பரு. முகம், மார்பு, முதுகில் சுரப்பிகள் அதிகம். உள்ளங்கையில் அவை இல்லை. அங்கே பரு வருவதில்லை, கவனித்தீர்களா?

பாட்டி சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. தலையில் தடவிய எண்ணெய் நெற்றியில் வழிந்தாலும் துளைகள் அடைபடும். அதிக இனிப்புக்கும் பருவுக்கும் தொடர்பிருப்பதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன.

பருவைவிட ஆபத்தானது அவசரம். இரவுச் சந்தையிலும் இணையத்திலும் "ஏழே நாளில் பளிச்" என விற்கப்படும் கிரீம்களில் பாதரசம், ஹைட்ரோகுவினோன், பீட்டாமெத்தசோன் போன்றவை கண்டுபிடிக்கப்பட்டு, நம் நாட்டின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் பலமுறை தடை விதித்துள்ளது. பாதரசம் சிறுநீரகத்தைப் பாதிக்கும். பீட்டாமெத்தசோன் தோலை மெலியச் செய்யும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மென்மையான சவர்க்காரத்தால் நாளுக்கு இருமுறை முகம் கழுவுங்கள். பருவைக் கிள்ளாதீர்கள், நம் மாநிறத் தோலில் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். மருந்தகத்தில் கிடைக்கும் பென்சாயில் பெராக்சைடு பலருக்கு உதவும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். பரு வலித்தாலும் பள்ளம் விழுந்தாலும் அரசாங்கக் கிளினிக்கிற்குச் செல்லுங்கள்.

பரு உங்கள் தவறு அன்று. உடல் வளர்கிறது என்பதன் அடையாளம். அடுத்த முறை நண்பரின் முகத்தைப் பார்த்துக் கேலி செய்யத் தோன்றினால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.