நாய்களின் சிறுநீர்ப்பாதைச் சிகிச்சையில் மயக்கமூட்டல்

நாய்களின் சிறுநீர்ப்பாதையில் சிகிச்சை செய்யும்போது விலங்கை அமைதிப்படுத்தத் தணிவூட்டல், முழு மயக்கம் என இரு முறைகள் கையாளப்படுகின்றன. தணிவூட்டலில் நாய் அரைத்தூக்க நிலையில் இருக்கும், வலித்தால் அசையும். முழு மயக்கத்தில் உணர்வு முற்றிலும் நீங்கும். பெரும்பாலும் மூச்சுக்குழாயினுள் ஒரு குழாய் செருகப்பட்டு ஆக்சிசனும் ஐசோபுளூரேன் போன்ற மயக்க வளியும் செலுத்தப்படும்.

தணிவூட்டல் இலேசானது, ஆகவே எப்போதும் பாதுகாப்பானது என்ற கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. தணிவூட்டப்பட்ட நாயின் விழுங்கும் செயல் மங்கியிருக்கும். ஆனால் மூச்சுவழியைக் காக்கக் குழாய் இராது. வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குள் செல்லக்கூடும். ஐக்கிய இராச்சியத்தில் இவ்விரு முறைகளுக்கும் உட்பட்ட 98,036 நாய்களைப் பற்றிய ஆய்வு 2008 இல் வெளியானது. 48 மணி நேரத்திற்குள் ஏற்பட்ட, மயக்கமூட்டல் தொடர்பான இறப்பு உடல்நலமுள்ள நாய்களில் 0.05 விழுக்காடாகவும், நோயுற்றவற்றில் 1.33 விழுக்காடாகவும் இருந்தது.

== செயல்முறைகள் ==

அமைதியான ஆண் நாய்க்கு மயக்கமின்றியே வடிகுழாய் செலுத்தலாம். பெண் நாயின் சிறுநீர்த்துளை யோனியின் உட்தரையில் மறைந்திருப்பதால் தணிவூட்டல் பெரும்பாலும் தேவைப்படும். சிறு கற்களை வெளியேற்ற, சிறுநீர்ப்பையை நீர்மத்தால் நிரப்பி, நாயை நிமிர்த்திப் பிடித்து, பையை அழுத்தும் முறை உண்டு. சிறுநீர்வழித் தசை நன்கு தளர்ந்தால்தான் கல் வெளிவரும் என்பதால் இதற்கு முழு மயக்கமே ஏற்றது. அகநோக்கிச் சோதனைக்கும் அறுவைக்கும் இதுவே பொருந்தும்.

== சிறுநீர்வழி அடைப்பு ==

ஆண் நாயின் குறியில் ஓர் எலும்பு உண்டு. அது சிறுநீர்வழியை விரிய விடாததால் கற்கள் அதன் பின்புறம் சிக்கிக்கொள்கின்றன. யூரேட்டுக் கற்களுக்குப் பேர்போன டால்மேசியன் இனத்தில் இது அடிக்கடி காணப்படும். அடைப்பு நீடித்தால் குருதியில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பு குறையும். அந்நிலையில் மெடிடோமிடின், சைலசின் ஆகியவை தவிர்க்கப்படுகின்றன; இவை துடிப்பை மேலும் குறைப்பதோடு சிறுநீர் உற்பத்தியையும் கூட்டி, வெளியேற வழியற்ற பையை மேலும் நிரப்பும்.

எனவே மயக்கத்திற்கு முன்பே மருத்துவம் தொடங்குகிறது. கால்சியம் குளுக்கோனேட்டு இதயத்தைக் காக்கும். ஆனால் பொட்டாசியத்தைக் குறைக்காது. குளுக்கோசுடன் தரப்படும் இன்சுலின் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் செலுத்தும். தேவையெனில் ஊசி வழியாகச் சிறுநீர்ப்பை வடிக்கப்படும். இதய மின்னலை வரைவு சீரடைந்தபின், கல்லைப் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளும் பணிக்காக நாய் மயக்கப்படுகிறது. மிகவும் சோர்ந்துள்ள நாய்க்கு வழக்கமான அளவை விடக் குறைந்த மருந்தே போதுமானதாக இருக்கும்.