நூல்களுக்காக எழுந்த இல்லம்: மும்பை 'ராஜகிருகம்' சொல்லும் வரலாறு

மும்பை: தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவை அடுத்த தாதர் கிழக்கில், இந்து காலனியின் மரநிழல் தெரு ஒன்றில் நிற்கிறது 'ராஜகிருகம்'. சட்டமேதை அம்பேத்கர் குடும்பத்துடன் வாழ்ந்த இந்த வீட்டின் கீழ்த்தளம் இன்று நினைவு அருங்காட்சியகம். மேல்தளங்களில் அவரது குடும்பத்தினர் வசிக்கின்றனர்.

இதற்கு முன் அம்பேத்கர் வசித்தது பரேலில், தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பில். நாளுக்கு நாள் பெருகிய நூல்களுக்கு அங்கு இடமில்லை. எனவே 1930-களின் தொடக்கத்தில் நூலகத்துக்கு முதலிடம் தந்து இவ்வீட்டை எழுப்பினார். இங்கு அவர் சேர்த்த நூல்கள் 50,000-க்கும் மேற்பட்டவை எனக் கூறப்படுகிறது. அவற்றில் பல பின்னர், அவரது மக்கள் கல்விச் சங்கம் 1946-இல் மும்பையில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியைச் சென்றடைந்தன.

பெயரின் பின்னணி

புத்தரின் வாழ்வோடு தொடர்புடைய பண்டைய மகதத் தலைநகரின் பெயரே ராஜகிருகம். அம்பேத்கர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14-இல். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அப்பெயர் இவ்வீட்டு வாசலில் இடம்பெற்றுவிட்டது.

துயரங்களையும் இவ்வீடு கண்டுள்ளது. 1935 மே 27-இல் மனைவி ரமாபாய் இங்கு காலமானார். 1956 டிசம்பர் 6-இல் டெல்லியில் அம்பேத்கர் மறைந்தபின், அவரது உடல் விமானத்தில் இங்கு கொண்டுவரப்பட்டது. மறுநாள் இறுதி ஊர்வலம் இங்கிருந்தே தாதர் கடற்கரைக்குப் புறப்பட்டது. அங்கு அமைந்த சைத்யபூமியில் ஆண்டுதோறும் டிசம்பர் 6-இல் லட்சக்கணக்கானோர் திரள்கின்றனர். அவர்களில் பலர் ராஜகிருகத்தையும் வணங்கிச் செல்கின்றனர்.

வீடும் நினைவிடமும்

அவர் பயன்படுத்திய பொருள்களும் புகைப்படங்களும் கீழ்த்தளத்தில் பாதுகாக்கப்படுகின்றன. தாதர் ரயில் நிலையத்தின் கிழக்கு வாயிலிலிருந்து நடந்தே செல்லலாம். குடும்பம் வாழும் இல்லம் என்பதால், பார்வையாளர்கள் அமைதி காப்பது அவசியம்.

2020 ஜூலை 7-இல் வளாகத்துக்குள் புகுந்தோர் பூந்தொட்டிகளையும் கண்காணிப்பு கேமராவையும் சேதப்படுத்தினர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. வீட்டுக்குக் காவல்துறைப் பாதுகாப்பு அளிக்கப்பட்டது. மக்கள் தடையின்றி வந்து செல்லவும் வேண்டும், குடும்பம் அச்சமின்றி வாழவும் வேண்டும். ராஜகிருகத்தைப் பேணுவதில் உள்ள சவால் இதுவே.