ஒரு மடக்குக் கத்திக்கு இரண்டாயிரம் வெள்ளியா?

தீபாவளிக்கு மறுநாள் மாலை, நான் படித்துக் கொடுத்த பழைய மாணவன் ஒருவன் தன் தாயாருடன் என் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடையும் இயந்திரத்தில் வேலை செய்கிறான். தாயார் இன்றும் அதிகாலையில் பால்மரம் வெட்டப் போகிறவர். பலகாரத் தட்டை நான் நீட்டுவதற்குள் அவர் வழக்கைத் தொடங்கிவிட்டார்.

"சார், நீங்க படிச்சுக் கொடுத்த புள்ளதானே, நீங்களே கேளுங்க. வீட்டுல ஐஸ்பெட்டி கெட்டுப் போயி மூணு மாசமாச்சு. இவன் ரெண்டாயிரம் வெள்ளிக்கு ஒரு கத்தி வாங்கிட்டு வந்து நிக்கிறான். இந்தக் கத்தி என்ன, தங்கத்தையா வெட்டப் போவுது?"

"கடன் வாங்கல சார். ஓவர்டைம் காசைச் சேத்துதான் வாங்கினேன்" என்றான் பையன், தலை நிமிராமல்.

நம் நாட்டில் 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. ஒரு மாத உழைப்புக்கு மேல் விலை கொடுத்து, சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு கத்தி! தாயின் கோபம் நியாயமானதே. ஆனால் தினமும் இரும்போடு பழகுகிற பிள்ளை, காரணமில்லாமல் காசைக் கரைப்பானா என்றும் தோன்றியது. "ஒரு வாரம் பொறுங்கள் அக்கா. விசாரித்துச் சொல்கிறேன்" என்று அனுப்பி வைத்தேன். அப்படி விசாரித்துப் படித்ததன் பலனே இக்கட்டுரை.

"வேலை" என்று பெயர் பெற்ற கத்தி

பையன் வாங்கிய கத்தியின் பெயர் செபென்சா. ஜூலு மொழியில் இச்சொல்லுக்கு "வேலை" என்று பொருள். இதை உருவாக்கிய கிறிஸ் ரீவ், 1984இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கத்தித் தொழிலைத் தொடங்கியவர். 1989இல் அமெரிக்காவில் இடாஹோ மாநிலத்தின் பாய்சி நகருக்குக் குடிபெயர்ந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் அங்கேதான் இயங்குகிறது.

இது ஒரு கொல்லர் தனியாக உட்கார்ந்து அடித்துக் கொடுக்கும் கத்தி அன்று. தொழிற்சாலையில், இயந்திரங்களின் துணையோடு, ஒரே மாதிரியாக வரிசையாகச் செய்யப்படுவது. அப்படியிருந்தும் சாதாரண மாதிரியின் விலையே ஏறத்தாழ 500 அமெரிக்க டாலர்.

இருபது டாலர் கத்தி

விலையின் மறு முனையையும் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப் பகுதியில் 1890இல் ஜோசப் ஒபினெல் என்பவர் உழவர்களுக்காக ஒரு மடக்குக் கத்தி செய்தார். மரப்பிடி, மெல்லிய அலகு, ஓர் ஆணி, அவ்வளவுதான். 1955இல், திறந்த கத்தி தானாக மடங்கிவிடாதபடி திருகிப் பூட்டும் வளையம் ஒன்றும் சேர்ந்தது. எட்டரை சென்டிமீட்டர் அலகுள்ள எட்டாம் எண் ஒபினெல் கத்தி இன்றும் 20 டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது.

நன்றாகத் தீட்டிய இந்தக் கத்தியால் ஒரு மாங்காயை நறுக்கிப் பாருங்கள். 500 டாலர் கத்தியைவிட இலகுவாகவே இறங்கும்! காரணம், அதன் அலகு மெல்லியது. செபென்சாவின் அலகு தடித்தது. உறுதி அதிகம், ஆனால் காய்க்குள் ஆப்பு அடித்ததுபோல் இறங்கும். ஆக, "விலை கூடினால் நன்றாக வெட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

குறைகளும் உண்டு. மரப்பிடி ஈரத்தில் ஊதினால் கத்தியைத் திறக்க நகம் நோகும். கரி எஃகு அலகு கொண்ட வகையைத் துடைக்காமல் வைத்தால் துருப்பிடிக்கும். எஃகும் விலையுயர்ந்த வகை அன்று. அடிக்கடி தீட்ட வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

முதலில் எஃகு. உயர்விலைக் கத்திகளுக்குத் தூள் எஃகு என்று ஒரு வகை உண்டு. உருகிய எஃகை வாயுவின் வேகத்தால் நுண்ணிய தூளாகச் சிதறடித்து, பிறகு கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் மீண்டும் கட்டியாக்குகிறார்கள். இதனால் எஃகுக்குள் இருக்கும் கடினமான துகள்கள் சிறுத்து, சீராகப் பரவி நிற்கின்றன. கூர் வெகுநாள் நிலைக்கும். ஆனால் அந்தக் கடினமே தேய்ப்புப் பட்டைகளையும் வெட்டுக் கருவிகளையும் தின்றுவிடும். செய்வதற்கு நேரமும் செலவும் கூடுகின்றன.

அடுத்தது பதமிடுதல். எஃகை ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிர்வித்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். பதம் தவறினால் விலையுயர்ந்த எஃகும் வீண்தான். மிஞ்சினால் உடையும், குறைந்தால் மழுங்கும்.

மூன்றாவது பிடியும் பூட்டும். செபென்சாவின் பிடி டைட்டேனியம் என்னும் உலோகம். எடை குறைவு, துருவே பிடிக்காது. ஆனால் கடைவதற்குச் சிரமமானது. அந்தப் பிடித்தகட்டிலேயே ஒரு பகுதியைக் கீறி, அதுவே உள்ளே வளைந்து அலகைத் தாங்கும் பூட்டாக அமைத்தவர் கிறிஸ் ரீவ். 1987இல் அவர் கண்ட இந்த முறையைப் பிறகு எத்தனையோ நிறுவனங்கள் பின்பற்றின. அலகு ஆடாமலும் இறுகாமலும் சுழல வேண்டுமானால், ஆணியும் துளையும் தலைமயிரின் பருமனில் ஒரு சிறு பங்குகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும்.

நான்காவது மனிதக் கை. இயந்திரம் கடைந்த பின்பும் பொருத்துவதும், சோதிப்பதும், கூர் வைப்பதும் மனிதர்தாம். அமெரிக்கத் தொழிலாளியின் கூலி அந்த விலைக்குள் இருக்கிறது. அதன்மேல் வியாபாரியின் லாபம், கப்பல் செலவு, பெயருக்கான விலை ஆகியவையும் ஏறுகின்றன.

எதுவரை கொடுக்கலாம்?

இங்கேதான் நாம் நின்று கணக்குப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இல் வெளியிட்ட முதல் மடக்குக் கத்தியின் பெயர் "வொர்க்கர்", அதாவது தொழிலாளி. அலகில் ஒரு வட்டத் துளை. கட்டை விரலால் தள்ளி ஒரே கையால் திறக்கலாம். அதே நிறுவனம் 2010இல் கொண்டுவந்த "பாரா மிலிட்டரி 2" என்னும் கத்தி 200 டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது. செபென்சாவில் முன்பு இடப்பட்டிருந்த எஸ்45விஎன் என்ற தூள் எஃகு இதிலும் வருகிறது.

20 டாலரிலிருந்து 200 டாலருக்கு ஏறும்போது நல்ல எஃகும் உறுதியான பூட்டும் கிடைக்கின்றன. 200இலிருந்து 500க்கு ஏறும்போது வெட்டும் திறன் அதிகம் கூடுவதில்லை. கூடுவது பொருத்தத்தின் நேர்த்தி, நீண்ட ஆயுள், பழுது பார்த்துத் தரும் உத்தரவாதம், விற்க நேர்ந்தால் கிடைக்கும் கணிசமான மறுவிலை ஆகியவையே. அவை பொய்யல்ல. ஆனால் கயிறும் அட்டைப்பெட்டியும் அறுப்பவருக்கு அவை அவசியமும் அல்ல.

இளைஞர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, பெயர்பெற்ற கத்திகளுக்குப் போலிகள் ஏராளம். 2,000 வெள்ளிக் கத்தியை 150 வெள்ளிக்குத் தருவதாகக் கைப்பேசியில் விளம்பரம் வந்தால் நம்பாதீர்கள். எஃகின் தரம் கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்று, நியாயமான காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ளும் 1958ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. கத்தி வேலையிடத்திலும் வீட்டிலும் இருக்கட்டும். திருவிழாவுக்கும் கடைத்தெருவுக்கும் துணை வர வேண்டாம்.

நான் சொன்ன தீர்ப்பு

ஒரு வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். கத்தியைத் தாயார் கையில் கொடுக்கச் சொன்னேன். கூர் கெட்ட கத்தியை அழுத்தினால் மரம் காயப்படும், மேலாகச் சீவினால் பால் இறங்காது என்பதை முப்பது ஆண்டுகளாகக் கையால் அறிந்தவர் அவர். கட்டை விரலைக் கூரின் குறுக்கே மெல்ல வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் தீட்டியிருக்கான். ஆனா என் கத்தியும் இப்படித்தான் இருக்கும் சார், தினமும் கல்லுல தீட்டுறேனே."

"அம்மா, ஆணியப் பாருங்க. கொஞ்சமாச்சும் ஆடுதா? நான் தினமும் மெஷின்ல இப்படிக் கடையத்தான் பாக்குறேன். இன்னும் வரல" என்றான் பையன். அவன் எதற்காக அதை வாங்கினான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாயாரும் ஆணியை இன்னொரு முறை பார்த்தார்.

நான் சொன்னது இதுதான்: "அக்கா, விலை மோசடியில்லை. இவனைப் போன்ற தொழிலாளிகளின் கைத்திறனுக்குத்தான் பெரும்பகுதி போயிருக்கிறது. தம்பி, நீ வாங்கியது தப்பில்லை, வரிசைதான் தப்பு. முதலில் ஐஸ்பெட்டி, பிறகு கத்தி. அடுத்த மாத ஓவர்டைம் காசு அம்மாவுக்கு."

பையன் தலையாட்டினான். சென்ற வாரம் ஐஸ்பெட்டி வந்து இறங்கிவிட்டதாகக் கேள்வி.

வாசகர்களே, கத்தியானாலும் கைப்பேசியானாலும் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது எனக்கு என்ன வேலை செய்யும்? அதே வேலையை எந்த விலையிலிருந்து செய்யத் தொடங்குகிறது? அதற்குமேல் நான் கொடுக்கும் ஒவ்வொரு வெள்ளியும் எதற்குப் போகிறது? இம்மூன்றுக்கும் பதில் தெரிந்தவன் விலை கொடுக்கிறான். தெரியாதவன் காசை இழக்கிறான்.