செஞ்சி சொல்லும் சேதி

கோட்டையைப் பிடித்தவன் பெயரை ஏடுகள் சொல்லும். கட்டியவன் பெயரை எந்த ஏடு சொல்லும்?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், செஞ்சி மதில்களைக் காண்போர் நெஞ்சில் எழவேண்டிய கேள்வி இது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள்! மூன்றையும் முக்கோணமாகப் பிணைத்து, ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஓடுகிறது மதில். ராஜகிரி மட்டும் 800 அடி உயரம். உச்சியை நெருங்குகிறவனை ஆழமான பிளவொன்று வழிமறிக்கும். அதன்மீது ஒரு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் பகைவன் பறவையாக மாறினால்தான் உச்சியை எட்டலாம்!

கீழே அடுக்கடுக்காய் எழும் கல்யாண மகால், தடித்த சுவர்களுடன் நெற்களஞ்சியம், சுட்ட மண்குழாய் வழியே தண்ணீர், குளங்கள், சுனைகள். வேங்கடரமணர் கோவிலும் உண்டு. சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உண்டு.

இத்தனையும் ஒருவன் உழைப்பா? ஒரு குலத்தின் சொத்தா? இல்லை! கோன் மரபினர் அடிகோலினர். விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் விரித்தனர். 1649இல் பீஜப்பூர் படை பிடித்தது. 1677இல் சிவாஜி கைப்பற்றி வலுப்படுத்தினார். அவர் மகன் இராஜாராம் இங்கே இருந்துகொண்டுதான் முகலாயப் பெரும்படைக்கு ஈடுகொடுத்தார். முற்றுகை 1690இல் தொடங்கியது. கோட்டை விழுந்ததோ 1698இல்!

பிறகு தேசிங்கு. ஆர்க்காட்டு நவாபுக்குப் பணியமாட்டேன் என்று 1714இல் களம் புகுந்து மடிந்த இளைஞன். அவனோடு உயிர்த்தோழன் முகமதுகானும் மடிந்ததாகக் கதைப்பாடல் கூறும். மதம் வேறு, மனம் ஒன்று! அதனால்தான் வென்ற நவாபை மறந்த மக்கள், தோற்ற தேசிங்கைத் தெருக்கூத்திலே வாழவைத்தனர்.

எட்டாண்டு தாக்குப்பிடித்த இதே கோட்டையை, 1750இல் பிரெஞ்சுக்காரர் ஓர் இரவில் பிடித்தனர். 1761இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. மதில் மாறவில்லை, மலை மாறவில்லை. மாறியது உள்ளே இருந்தோரின் உறுதி! கல் மட்டும் நாட்டைக் காக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியப் படைத்தளங்கள் என்ற வரிசையில், 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. மற்றப் பதினொன்றும் மராட்டிய மாநிலத்தவை. மகிழ்கிறோம், மராத்தியர் பங்கை மறுப்பாரில்லை. ஆனால் அந்தத் தலைப்பு செஞ்சியின் ஓர் அத்தியாயமே, முழுநூல் அன்று. கோன்களின் தொடக்கமும், நாயக்கர்களின் கட்டடமும், சுல்தான்களின் சேர்க்கையும், தேசிங்கின் கதையும் வருவோர் கண்ணில் படும்படி அங்கே எழுதிவைக்கப்பட வேண்டும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்பட வேண்டும்.

அவற்றோடு இன்னொரு வரியும் வேண்டும்: பாறை பிளந்து, கல் சுமந்து, மலையேறிய பெயரறியாத் தொழிலாளர் கட்டியது இந்தக் கோட்டை என்று.

கட்டியவன் தன் பெயரைப் பொறிக்காத மதில் அது. பார்க்கப் போகும் நாம் நம் பெயரைக் கீறாமல் திரும்புவதே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை!