தீபாவளிக்குப் பிறகும் அடுப்பு எரிய வேண்டும்

தீபாவளி நெருங்கினால் எங்கள் வானொலிக்குப் பலகாரம் பற்றிய அழைப்புகள் குவியும். அப்படி அழைத்த கிள்ளான் அக்கா ஒருவர், நேரலை முடிந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, மாவு, எண்ணெய், போத்தல் வாங்க மூவாயிரம் வெள்ளி வேணும். ஆலோங்கிட்ட போகாம வேற வழி இருக்கா?"

இருக்கிறது. அடமானம் கேட்காத சிறுகடன் நம் நாட்டுக்குப் புதிதல்ல. வங்காளதேசத்தில் முகமட் யூனுஸ் தொடங்கிய கிராமின் வங்கியின் வழியைப் பின்பற்றி, 1987-இல் அமானா இக்தியார் மலேசியா அமைந்தது. பெண்கள் குழுவாகச் சேர்ந்து கடன் பெறுவார்கள். வாரக் கூட்டத்தில் தவணை செலுத்துவார்கள். இந்தியப் பெண்களுக்கென்றே 'பெண்' என்ற திட்டத்தை 2024-இல் அது 5 கோடி வெள்ளி ஒதுக்கீட்டில் தொடங்கியது. தெக்குன் நேஷனலின் ஸ்பூமி திட்டமும் இந்தியச் சிறுவணிகர்களுக்கானதே.

ஆனால், கடன் வாங்குவதைவிடக் கட்டி முடிப்பதே பெரிது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டணத்தோடு சேர்த்து 3,300 வெள்ளியை 50 வாரங்களில் செலுத்த வேண்டும் என்றால், வாரம் 66 வெள்ளி. ஒரு போத்தல் முறுக்கில் 2 வெள்ளி மிஞ்சினால், தவணைக்கு மட்டும் வாரம் 33 போத்தல் விற்க வேண்டும். தீபாவளி மாதத்தில் அது ஒரு நாள் வேலை. மார்ச் மாதத்தில்? அப்போதும் அதே 66 வெள்ளிதான்.

வீட்டுத் தொழில்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். பண்டிகை வியாபாரத்தை நம்பி ஆண்டு முழுவதற்குமான தவணையை ஏற்கக் கூடாது. மாலைப் பலகாரம், அலுவலக மதிய உணவு, பிறந்தநாள் ஆர்டர் என்று வாராவாரம் பணம் வரும் ஒரு வழியை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கேற்ற தொகையை மட்டும் கேளுங்கள்.

விலை வைக்கும்போது எரிவாயுவையும் உங்கள் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைதானே என்று நம் உழைப்பை நாமே இலவசமாக்கிவிடுகிறோம். கடன் பணத்தைக் கார் தவணைக்கோ திருமணச் செலவுக்கோ திருப்பிவிடாமல், தனிக் கணக்கில் வையுங்கள். எஸ்எஸ்எம் பதிவு, உணவு கையாளுவோர் பயிற்சி, டைபாய்டு தடுப்பூசி ஆகியவற்றையும் முடித்துவிடுங்கள்.

"முன்பணம் கட்டினால் கடன் நிச்சயம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியை நம்பாதீர்கள். நேராக அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது கடந்த மூன்று மாத வரவு செலவை எழுதிய ஒரு நோட்டுப் புத்தகமும் கையில் இருக்கட்டும். எவ்வளவு கடன் உங்களுக்குத் தாங்கும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.